மழை நாளில் வராத சிறுத்தை

அத்தியாயம் 4

குருளுவெவ தேசியப் பூங்காவின் வாசலில் காலை ஆறு மணிக்கு இருபத்திரண்டு ஜீப்கள் நின்றன. இருபத்தொன்றின் கதவில் யானைப் படம். ஒன்றில் மட்டும் சிறுத்தை. அதன் கீழே மூன்று மொழிகளிலும் எழுதியிருந்தது: 'சிறுத்தை நிச்சயம். தவறினால் கால்தடமாவது நிச்சயம்.'

"நம்ம வண்டி இதுதான்" என்றாள் அனிற்றா.

ஸியாம் அந்த வாசகத்தை இரண்டு தரம் படித்தான். "மிஸ், ஒரு ஹோட்டல்ல 'கொத்து ரொட்டி நிச்சயம், தவறினா தட்டாவது நிச்சயம்'னு போர்ட் போட்டா உள்ளுக்குப் போவீங்களா?"

"தட்டைத் தேடித்தான் வந்திருக்கோம். ஏறு."

அனிற்றாவுக்கு நாற்பத்தாறு வயது. கேகாலை பஸ் நிலையத்துக்கு எதிரே ஒரு பேக்கரியின் மேல்மாடியில் அவளுடைய துப்பறியும் அலுவலகம். அதற்கு முன் பதினெட்டு வருடம் ரப்பர் தொழிற்சாலையில் இருந்தாள். புகை போட்ட ஷீட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, எங்கே குமிழி, எங்கே தூசி என்று தரம் பிரிக்கும் வேலை. இப்போது மனிதர்களைத் தூக்கிப் பிடித்துப் பார்க்கிறாள். வேலை அதேதான், புகைதான் குறைவு.

ஸியாம் மாவனல்லைக்காரன். ஆறு வருடத்துக்கு முன் ஒரு வழக்குக்காக அவளைத் தன் த்ரீவீலரில் ஏற்றிப் போனவன், முடிவு தெரியாமல் திரும்ப மாட்டேன் என்று நின்றான். இன்னும் நிற்கிறான்.

வழக்கு இதுதான். கேகாலைக்குப் பக்கத்தில் தெல்கஹ ரப்பர் தோட்டம். அங்கே பால் வெட்டுகிற சுதாகரன் என்பவன், நாற்பத்திரண்டு நாளைக்கு முன் ஒரு சனிக்கிழமை, கோயில் கமிட்டியோடு இந்தப் பூங்காவுக்கு உல்லாசப் பயணம் வந்தான். ஜீப்பில் உள்ளே போனது ஒன்பது பேர். வெளியே வந்தது எட்டுப் பேர். மறுநாள் தேடியபோது கிழிந்த சட்டை ஒன்றும் இடது கால் செருப்பு ஒன்றும் கிடைத்தன. சுற்றிலும் சிறுத்தையின் கால்தடம். தோட்டம் அழுதது. பதினாறாம் நாள் காரியமும் முடிந்தது.

மனைவி கோகிலா மட்டும் பொட்டை அழிக்கவில்லை. அனிற்றாவின் அலுவலகத்துக்கு வந்து அவள் சொன்ன காரணம் எந்த வழக்கறிஞருக்கும் தோன்றாது. "பதினஞ்சு வருஷமா அவரு உடம்புல ஒட்டுப்பால் வாடை ஊறிக் கெடக்குங்க. நானே பக்கத்துல போக யோசிப்பேன். சிறுத்தை எப்படிங்க வாய வைக்கும்?"

கோகிலாவின் மாமியார் தங்கம்மாவுக்கு வேறு கொள்கை. ஒரு பஸ் கொண்டக்டர் வந்து, சுதாகரன் சிறுத்தையாக இருக்கிறான் என்று சொல்லிவிட்டுப் போனானாம். மகன் மறுபிறவி எடுத்துவிட்டான் என்று அவள் முடிவு கட்டினாள். வெள்ளிக்கிழமை தோறும் தோட்டத்து எல்லையில் ஆட்டிறைச்சி வைக்கிறாள். தோட்டத்து நாய்கள் எல்லாம் கொழுத்துப் போய்விட்டன.

இதெல்லாம் கோகிலாவுக்குப் பெரிய கவலை இல்லை. பெரிய கவலை, தோட்டத்து ஆபீஸிலிருந்து வந்த கடிதம். அதை அனிற்றா கைப்பையிலேயே வைத்திருந்தாள். ஜீப் ஓட்டுநர் டிக்கட் எடுக்கப் போன நேரத்தில் மறுபடியும் பிரித்தாள்.

'சிறுத்தையால் உட்கொள்ளப்பட்டதாக நம்பப்படும் தொழிலாளி சுதாகரனின் பெயர் செக்ரோலிலிருந்து நீக்கப்பட்டுள்ளது. அன்னார் பூங்காவை விட்டு வெளியேறியமைக்கான அத்தாட்சி எதிர்வரும் திங்கட்கிழமை பெரட்டுக்கு முன் காட்டப்படாவிடின், அவர் பெயரிலுள்ள காம்பரா தோட்டத்திடம் ஒப்படைக்கப்பட வேண்டும்.'

கோகிலா வரக்காப்பொலவில் ஒரு கார்மெண்ட் தொழிற்சாலையில் தைக்கிறாள். தோட்டத்துத் தொழிலாளர் பதிவான செக்ரோலில் அவளுக்குப் பேர் இல்லை. பேர் இல்லாதவளுக்கு லயத்தில் குடியிருக்கக் காம்பராவும் இல்லை. இன்று சனிக்கிழமை. திங்கட்கிழமை காலை ஆறு மணிக்குப் பெரட்டுக் களத்தில் பேர் கூப்பிடும்போது சுதாகரன் இல்லை என்றால், அவளும் மாமியாரும் தையல் மெஷினும் வெளியே.

"இதுல 'வெளியேறியமை'ன்னு ஈக்கே மிஸ்" என்றான் ஸியாம். "எந்த வழியா வெளியேறினாலும் சரியா? சிறுத்தை சாப்பிட்டிருந்தா..."

அனிற்றா கடிதத்தை மடித்தாள். மடித்த விதத்திலேயே அவன் மிச்சத்தை விழுங்கிவிட்டான்.

ஓட்டுநர் சாலி திரும்பி வந்தார். ஜீப்பும் அவருடையதுதான். ஐம்பது வயது, வெள்ளைத் தொப்பி, கழுத்தில் பைனாகுலர். அவருடைய பேஸ்புக் பக்கத்தில் ஒரு மாதமாகச் சிறுத்தையின் கால்தடப் படங்கள் ஏறிக்கொண்டிருந்தன. அனிற்றா அவற்றைப் பார்த்துத்தான் வந்திருந்தாள். பார்த்தது மட்டுமில்லை, நாட்காட்டியில் குறித்தும் வைத்திருந்தாள்.

ஜீப் புறப்பட்டதும் அந்த நாட்காட்டியை ஸியாமிடம் கொடுத்து, என்ன தெரிகிறது என்று கேட்டாள். அவன் விரலால் எண்ணினான். ஒரு நாள் தடம் இருக்கிறது, மறுநாள் இல்லை. அடுத்த நாள் இருக்கிறது. ஒழுங்காக ஒன்றுவிட்டு ஒன்று. நடுவில் ஐந்து தரம் மட்டும் வரவேண்டிய நாளில் வரவில்லை.

"அந்த அஞ்சு நாளும் இந்தப் பக்கம் காலைல மழை" என்றாள் அனிற்றா. "நேத்து சாயங்காலம் டீக்கடையில விசாரிச்சேன்."

"ஒரு நாள் விட்டு ஒரு நாள் வேலை. மழை பேஞ்சா லீவு." ஸியாம் யோசித்தான். "மிஸ், இது அரசாங்கச் சிறுத்தை."

அனிற்றா சிரிக்கவில்லை. அவளுக்கு வேறு யாரோ ஞாபகத்துக்கு வந்தார்கள். ஆனால் எதையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்காமல் தரம் சொல்வது அவள் வழக்கம் இல்லை.

பூங்கா அதுபாட்டுக்கு விரிந்தது. முழங்கால் உயரப் புல், நடுவில் குளம், குளத்துக்குள் பட்டுப்போன மரங்கள் கைகளை உயர்த்தியபடி நின்றன. ஒவ்வொரு கிளையிலும் ஒரு நீர்க்காகம் சிறகை விரித்து வெயில் காய்ந்தது. ஒரு யானைக் கூட்டம் பாதையைக் கடந்தது. பெரியவை ஆறு, நடுவில் குட்டி ஒன்று. குட்டி தன் தும்பிக்கையை என்ன செய்வது என்று தெரியாமல் ஆட்டிக்கொண்டே போனது. வேறு ஜீப்களில் இருந்தவர்கள் படம் எடுத்தார்கள். ஸியாம் எழுந்து நின்று வாயைத் திறந்தபடி பார்த்தான்.

சாலி மட்டும் யானைகளைத் திரும்பியும் பார்க்கவில்லை. முன்பு யானைக்காக வந்தவர்கள் இப்போது அலுத்துப் போனார்கள், எல்லாருக்கும் சிறுத்தைதான் வேண்டும் என்றார். முப்பது வருடம் ஜீப் ஓட்டியும் அவர் இந்தப் பக்கம் ஒரு சிறுத்தையைக் கண்டதில்லையாம். ஆனால் ஒரு மனிதனைத் தின்ற பிறகு அது இங்கேயே தங்கிவிட்டதாம். இதைச் சொல்லும்போது அவர் குரலில் பயத்தைவிடப் பெருமை கூட இருந்தது.

ஏழரை மணிக்குக் குளக்கட்டில் ஜீப்பை நிறுத்தினார். பூங்காவுக்குள் இறங்கி நடக்க அனுமதி உள்ள ஒரே இடம் அது. கட்டுக்குக் கீழே வரிசையாகப் பாலை மரங்கள். சாலி கையை நீட்டினார். ஈர மண்ணில் கால்தடம், இன்று காலை பதிந்தது.

கிட்டப் போக வேண்டாம், மனித வாசம் பட்டால் சிறுத்தை கோபிக்கும் என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் அனிற்றா தடத்தின் பக்கத்தில் குந்தியிருந்தாள்.

"ஸியாம், எத்தனை கால் தெரியுது?"

அவன் முன்னும் பின்னும் நடந்து பார்த்தான். எல்லாம் ஒரே காலாக இருந்தது. ஒரே வலது முன்னங்கால், ஒரே அளவில், ஒரே ஆழத்தில்.

"நொண்டிச் சிறுத்தை மிஸ். அதுவும் மூணு காலும் இல்ல. ஒத்தக் கால்ல தத்தித் தத்திப் போகுது."

"குதிகால்ல பாரு."

ஒவ்வொரு தடத்தின் பின்பக்கத்திலும் ஒரு சின்னச் சுழி இருந்தது. ஸியாம் தலையைச் சாய்த்தான். பிறகு போனில் படம் எடுத்து, அதைக் கண்ணாடியில் தெரிவது போலத் திருப்பிப் பார்த்தான். அது ஒன்பது. எண் ஒன்பது.

"ஒன்பதாம் நம்பர் போடுது மிஸ். என்ட அளவுதான்."

அனிற்றா கைப்பையிலிருந்து ஒரு பொலித்தீன் பையை எடுத்தாள். கோகிலா கொடுத்தனுப்பிய இடது கால் ரப்பர் செருப்பு. அடியில் அதே ஒன்பது. நாற்பத்திரண்டு நாளைக்கு முன் கிடைத்தது இடது கால் மட்டும். வலது கால் செருப்பை யாரோ சிறுத்தைப் பாதமாக வெட்டி, அச்சாக வைத்துக் குத்திக்கொண்டு போகிறார்கள்.

சாலி தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டார். வெயில் இன்னும் ஏறவே இல்லை.

அனிற்றா தடத்தைத் தொடர்ந்தாள். அது புதருக்கும் போகவில்லை, தண்ணீருக்கும் போகவில்லை. முதல் பாலை மரத்துக்குப் போனது. அங்கிருந்து இரண்டாவது மரத்துக்கு. பிறகு மூன்றாவது. ஒன்றைக்கூட விடாமல் வரிசையின் கடைசி வரை போய், அடுத்த வரிசையில் திரும்பியது. ஒவ்வொரு மரத்திலும் நெஞ்சு உயரத்தில் ஒரு கீறல்.

நகம் தீட்டிய அடையாளம் என்றார் சாலி, அவசரமாக.

அனிற்றா மரத்தை விரலால் தடவினாள். இடது பக்கம் மேலே தொடங்கி வலது பக்கம் கீழே சரிந்து, பாதி மரத்தைச் சுற்றிய ஒரே கோடு. முந்தா நாள் கோட்டுக்குக் கீழே, ஒரு மயிரிழை கனத்தில் இன்றைய கோடு. பட்டையைத் தவிர ஒன்றும் காயப்படவில்லை. கோட்டின் அடியில் வெள்ளையாகப் பால் சொட்டியது. பாலை மரத்துக்குப் பேர் சும்மா வரவில்லை.

சொட்டிய பால் கீழே விழவில்லை. அங்கே கொடியால் கட்டிய ஒரு தேங்காய்ச் சிரட்டை இருந்தது.

ஸியாம் சிரட்டையைப் பார்த்தான். சாலியைப் பார்த்தான். "சாலி நானா, இந்த ஊர்ச் சிறுத்தை சிரட்டையும் கட்டுமா?"

சாலி தூரத்தில் ஒரு கழுகு பறப்பதாகச் சொன்னார். பறக்கவில்லை.

அனிற்றா கைகளைத் தட்டிக்கொண்டு எழுந்தாள். ஒரு நாள் விட்டு ஒரு நாள் வெட்டு. மழை பெய்து மரம் நனைந்தால் வெட்டு இல்லை. வரிசை தவறாமல் மரத்துக்கு மரம். இடமிருந்து வலமாகச் சரியும் கோடு. கேகாலைப் பக்கத்தில் எந்தக் குழந்தையும் இதைப் பார்த்துச் சொல்லிவிடும், வேலை செய்தது மிருகம் இல்லை, பால்வெட்டுக்காரன் என்று. சிறுத்தைத் தடம் போட வந்த இடத்தில் சுதாகரனின் கை சும்மா இருக்கவில்லை.

"அப்ப துரத்துவமா மிஸ்?" என்றான் ஸியாம். காட்டுக்குள் கையைக் காட்டினான்.

"எதுக்கு? பால் வெட்டினவன் பத்து மணிக்கு வாளியோட மொத மரத்துக்கு வருவான். வராம அவனால இருக்க முடியாது. மொத மரத்துக்கிட்ட ஜீப்பைப் போடச் சொல்லு."

சாலி செங்கால் நாரை பார்க்கலாம் என்றார். முதலை பார்க்கலாம் என்றார். ஒரு பெரிய கொம்பன் யானை இருக்கிற இடம் தனக்கு மட்டும்தான் தெரியும் என்றார். அனிற்றா எல்லாவற்றுக்கும் நன்றி சொன்னாள். முதலை மட்டும் தானாகவே தெரிந்தது. மூன்று, எதிர்க்கரையில் வாயைத் திறந்தபடி கிடந்தன. ஒன்றின் பக்கத்தில் ஒரு கொக்கு நின்று ஏதோ யோசித்தது.

காத்திருந்த நேரத்தில் ஸியாம் சட்டைப் பையிலிருந்து ஒரு பழைய படத்தை எடுத்தான். சட்டை கிடைத்த அன்று யாரோ எடுத்த முதல் கால்தடப் படம்.

"மிஸ், இதுல மட்டும் நாலு காலும் வேற வேறயா ஈக்கி. ஒன்பதும் இல்ல."

"மொத நாள் கவனமா செஞ்சிருப்பான். போகப் போகச் சோம்பல் வந்திருக்கும். ஷீட் அடிக்கிறவங்களும் அப்படித்தான்."

ஸியாம் படத்தை மறுபடியும் பார்த்தான். ஆளை வேஷத்தோடு பிடிப்போமா வேஷம் இல்லாமலா என்று கேட்டான். அனிற்றா அதையும் யோசித்து வைத்திருந்தாள். சுதாகரன் கோயில் திருவிழாவில் புலி வேஷம் கட்டுகிறவன். மஞ்சள் வெல்வெட்டில் தைத்த அந்த வேஷ உடுப்பைப் பயணம் போன நாளிலிருந்து டிரங்குப் பெட்டியில் காணோம் என்று கோகிலா சொல்லியிருந்தாள்.

"அதையும் மாட்டிக்கிட்டுத்தான் சுத்துறான். தூரத்துல நிக்கிற வெள்ளைக்காரனுக்கு அது போதும்."

சாலி கழுத்திலிருந்து பைனாகுலரைக் கழற்றித் துடைக்கத் தொடங்கினார்.

பத்து அடிக்க மூன்று நிமிடம் இருந்தது. புல் அசைந்தது. புல்லுக்குள்ளிருந்து மஞ்சளும் கறுப்புமாக ஒரு உருவம் நாலு காலில் மெதுவாக வெளியே வந்தது. முதல் பாலை மரத்தடிக்குப் போய்ச் சிரட்டையை முகர்ந்தது. பிறகு உட்கார்ந்து ஜீப்பைப் பார்த்தது.

சாலியின் பைனாகுலர் கையிலிருந்து நழுவிக் காலில் விழுந்தது. அவர் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

அனிற்றா ஜீப்பின் படியில் இறங்கி நின்றாள். இடுப்பில் கை.

"வணக்கம் சுதாகரன். வேஷம் நல்லா இருக்கு. வால்தான் கொஞ்சம் நீளம்."

உருவம் காதை முன்னுக்குத் திருப்பியது.

"நாப்பத்திரண்டு நாளா உங்க வீட்டுக்காரி பொட்டை அழிக்காம உக்காந்திருக்கு. ஊரே பேசுது. உங்க அம்மா நாய்க்கு ஆட்டிறைச்சி போட்டுக்கிட்டிருக்காங்க. திங்கக்கிழமை பெரட்டுக்கு நீங்க வரலேன்னா காம்பராவைப் புடுங்கிடுவாங்க. தையல் மெஷினைத் தூக்கிக்கிட்டு அந்தப் புள்ள எங்க போகும்? இங்க உக்காந்து பாலை மரம் வெட்டுறீங்க. கொஞ்சமாச்சும் யோசிச்சீங்களா?"

உருவம் தலையைத் தாழ்த்தியது. முன்னங்காலை நக்கியது. வெட்கப்படுகிறான் என்று அனிற்றாவுக்குத் தோன்றியது. இன்னும் ஒரு படி இறங்கினாள்.

"மிஸ்" என்றான் ஸியாம். அவன் குரல் எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து வந்தது போலிருந்தது. "வாலை யாரு ஆட்டுற?"

அனிற்றா வாலைப் பார்த்தாள். அது இடதும் வலதுமாக, நிதானமாக, யாருடைய உதவியும் இல்லாமல் ஆடிக்கொண்டிருந்தது.

அப்போது ஜீப்புக்குப் பின்னாலிருந்து ஒரு மனிதக் குரல் கேட்டது.

"காம்பரா போகுதுங்களா?"

ஒல்லியான ஒருவன், வெறும் உடம்பு, தாடி, ஒரு கையில் வாளி, மறு கையில் செருப்பில் வெட்டிய பாதம். சுதாகரன்.

முதலில் மரத்தடியில் இருந்ததுதான் அசைந்தது. எழுந்தது, முதுகை வளைத்துச் சோம்பல் முறித்தது, ஒரு பெரிய கொட்டாவி விட்டது. அந்தக் கொட்டாவியில் இருந்த பற்களை எந்தத் திருவிழாவிலும் யாரும் கட்டிப் பார்த்ததில்லை. பிறகு அது புல்லுக்குள் போய்விட்டது.

அனிற்றா எப்படி ஜீப்புக்குள் வந்தாள் என்பது அவளுக்கே தெரியாது. அவளுக்கு முன்பே சுதாகரன் உள்ளே இருந்தான், வாளியோடு. ஸியாம் பழைய படத்தை மெதுவாக எடுத்து மடியில் வைத்துக்கொண்டான்.

"சொல்லு" என்றாள் அனிற்றா.

"நான் ஒண்ணுஞ் சொல்லல்லையே மிஸ்."

"அதுதான் சத்தமா கேக்குது. சரி. நாலு கால் வேற வேறன்னு நீ சொன்னது சரி. அது அசல்."

சுதாகரன் கதையைச் சொன்னான். அன்றைக்கு இதே குளக்கட்டில் எல்லாரும் இறங்கினார்கள். யானை உரசிப் பட்டை கிழிந்த ஒரு பாலை மரத்தில் பால் வழிந்து வீணாகப் போவதை அவன் கண்டான். பதினைந்து வருடக் கை பொறுக்கவில்லை. எவ்வளவு வருகிறது என்று பார்க்கப் போனான். அடுத்த மரம், அதற்கடுத்த மரம் என்று போய்ப் பார்த்துத் திரும்பியபோது ஜீப் இல்லை. மிச்ச எட்டுப் பேரில் ஒவ்வொருவரும் மற்றவர் எண்ணியிருப்பார் என்று நினைத்துவிட்டார்கள். ஓடியதில் ஒரு செருப்பு போனது. சட்டையைக் கழற்றிக் கிளையில் போட்டான், குரங்குகள் கிழித்தன. ஒரு கொம்பன் துரத்தவே, தேடியவர்கள் எட்டாத ஒரு பழைய காவல் பரணில் ஏறி இரண்டு நாள் கிடந்தான்.

மூன்றாம் நாள் சாலி கண்டுபிடித்தார். அதற்குள் ஊர் முழுக்கச் செய்தி பரவி, சிறுத்தை பார்க்க ஆட்கள் வந்து குவிந்திருந்தார்கள்.

மிச்சத்தைச் சாலியே சொன்னார், தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு. கொஞ்ச நாள் மட்டும் செத்தவனாக இருக்கும்படி அவர்தான் சுதாகரனைக் கேட்டுக்கொண்டாராம். பரணில் படுக்கை, இரண்டு நேரச் சாப்பாடு, காலையில் கால்தடம். வீட்டுக்குச் சேதி சொல்ல மறக்கவில்லையாம். கேகாலைப் பக்கம் போகும் ஒரு பஸ் கொண்டக்டரிடம் சொல்லியனுப்பினாராம்.

"என்னன்னு?" என்றாள் அனிற்றா.

"சுதாகரன் இங்க சிறுத்தையா ஈக்கிறான், பயப்பட வேணாம்னு."

ஸியாம் கண்ணை மூடிக்கொண்டான். "சேதியில ஒரு எழுத்தும் தவறல்ல மிஸ். தங்கம்மாவுக்கு அப்படியே போய்ச் சேந்திருக்கு."

சுதாகரனுக்குக் காம்பரா விஷயம் ஒன்றும் தெரியாது. வீட்டில் எல்லாரும் சந்தோஷமாக, தனக்குப் பூங்காவில் வேலை கிடைத்ததாக நினைப்பார்கள் என்று நம்பியிருந்தான். புலி வேஷ உடுப்பைக் கேட்டபோது விழித்தான். "அதைப் பயணத்துக்கு மொத நாளே அம்மா கிழிச்சுத் தலகாணி உறை தைச்சிருச்சுங்களே. கோகிலாவுக்குத் தெரிஞ்சா கத்தும்னு சொல்லல."

அனிற்றா அந்தத் தடயத்தைப் பற்றி மேலே பேச விரும்பவில்லை. அவனை இறக்கி, கட்டிய சிரட்டைகளையெல்லாம் அவிழ்க்கச் சொன்னாள். காட்டு மரத்தை வெட்டியது பிழை என்று கடுமையாகவே சொன்னாள். அவன் வெட்டுக்குக் களிமண் பூசிக்கொண்டே வந்தான். ஒவ்வொரு மரத்துக்கும் ஒரு தரம் புல்லைத் திரும்பிப் பார்த்தான். அவனை விட்டுவிடச் சாலிக்கு இப்போது கொஞ்சமும் வருத்தம் இல்லை. முப்பது வருடத்துக்குப் பிறகு அசல் சிறுத்தையைக் கண்டுவிட்டார். அது இருக்கும்போது செருப்புச் சிறுத்தை எதற்கு?

ஆனால் வாசலில் சிக்கல் காத்திருந்தது.

கேட்டில் இருந்த அதிகாரி மெலிந்த மனிதர், மூக்கின் நுனியில் கண்ணாடி. ஜீப்புக்குள் எட்டிப் பார்த்தார், புத்தகத்தைப் பார்த்தார். ஓட்டுநரோடு உள்ளே போனது மூன்று பேர், வெளியே வருவது நாலு பேர், நாலாவது ஆளைத் தன்னால் வெளியே விட முடியாது என்று சிங்களத்தில் சொன்னார். உள்ளே வராத ஒருவர் எப்படி வெளியே போக முடியும்?

சுதாகரன் வாளியைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். சாலி காட்டுப் பக்கம் பார்த்தார். திங்கட்கிழமை காலை ஆறு மணி எல்லாருடைய மனதிலும் அடித்தது.

அனிற்றா சிங்களத்தில் மரியாதையாக ஒன்று கேட்டாள். ஆறு வாரத்துக்கு முன்னால் உள்ள பக்கத்தைத் தயவுசெய்து திருப்பிப் பார்க்க முடியுமா?

அவர் பக்கத்தைத் திருப்பவே தேவையில்லை. அங்கே ஏற்கெனவே ஒரு காய்ந்த இலையை அடையாளமாக வைத்திருந்தார். உட்சென்றவர் ஒன்பது, வெளியேறியவர் எட்டு. நாற்பத்திரண்டு நாளாக அந்த வரியை அவரால் மூட முடியவில்லை. செத்துப்போனார் என்று எழுதச் சொன்னார்களாம். அப்படி ஒரு கட்டம் புத்தகத்தில் இல்லை. இல்லாத கட்டத்தில் எப்படி எழுதுவது என்று அவர் தூக்கமில்லாமல் இருந்தாராம்.

சுதாகரன் இடுப்பு மடிப்பிலிருந்து எடுத்த அடையாள அட்டையை வாங்கினார். பேரை எழுத்துக்கு எழுத்து சரிபார்த்தார். பிறகு வாழ்நாளில் அவ்வளவு சந்தோஷமாக எதையும் எழுதியிராத ஒருவரைப் போல அந்தக் கட்டத்தில் ஒன்று என்று எழுதி, இன்றைய தேதியும் நேரமும் போட்டு, முத்திரை குத்தினார். மண்ணில் குத்திய எந்தப் பாதத்தையும்விட அது தெளிவாக விழுந்தது.

அனிற்றா அதற்கு ஒரு பிரதி கேட்டாள். தடித்த தாளில், பூங்காவின் தலைப்போடு, அவர் எழுதிக் கொடுத்தார்: மேற்படி சுதாகரன் இப்பூங்காவை விட்டு வெளியேறினார்.

"அத்தாட்சி" என்றாள் அனிற்றா. அந்தத் தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். குமிழி இல்லை, தூசி இல்லை. முதல் தரம்.

ஸியாம் வருகையாளர் புத்தகத்தில் 'கண்ட விலங்குகள்' என்ற இடத்தை நிரப்பிக்கொண்டிருந்தான். யானை ஏழு. முதலை மூன்று. சிறுத்தை ஒன்று. கொஞ்சம் யோசித்து, பால்வெட்டுக்காரர் ஒன்று என்றும் சேர்த்தான்.

அனிற்றா கோகிலாவுக்குப் போன் போட்டு விஷயத்தைச் சுருக்கமாகச் சொன்னாள். ஆள் உயிரோடு இருக்கிறான், தாள் கையில் இருக்கிறது, இன்று இரவுக்குள் வீடு வந்து சேருவான், காம்பரா எங்கேயும் போகாது. மறுமுனையில் தையல் மெஷின் ஓடுகிற சத்தம் நின்றது. கோகிலா மூக்கை உறிஞ்சுவது கேட்டது. பிறகு, அவர் இத்தனை நாளும் அங்கே என்ன செய்தார் என்று கேட்டாள்.

அனிற்றா அதையும் சொன்னாள்.

மூக்கை உறிஞ்சும் சத்தம் சட்டென்று நின்றது.

"பக்கத்துலதான் நிக்கிறாரு. பேசுறீங்களா?"

"வேணாங்க" என்றாள் கோகிலா. குரல் இப்போது தெளிந்திருந்தது. "திங்கக்கிழமை வெட்டு நாளு. ஆளு செத்துட்டாருன்னு எல்லாரும் சொன்னப்பவும் நான் வாரா வாரம் வெட்டுக் கத்தியைத் தீட்டித்தான் வச்சிருக்கேன். நல்ல கூரா இருக்குன்னு மட்டும் சொல்லுங்க."

அனிற்றா சொன்னாள், ஒரு சொல்லும் தவறாமல்.

சுதாகரன் வாளியைக் கீழே வைத்தான். பூங்காவின் கேட்டைத் திரும்பிப் பார்த்தான். பிறகு அதிகாரியிடம் போய், அந்தக் கட்டத்தில் எழுதியதைத் திங்கட்கிழமைக்குப் பிறகு மாற்ற வழி இருக்கிறதா என்று மெதுவாகக் கேட்டான்.